கருப்பு என்று பெயர் வைத்த டிவி

ஜப்பானிய மொழியில் 'குரோ' என்றால் கருப்பு. 2007-ல் பயனியர் நிறுவனம் தன் பிளாஸ்மா டிவிகளுக்கு வைத்த பெயர் அது. டிவி விற்பவர்கள் வண்ணத்தையும் வெளிச்சத்தையும்தான் கூவி விற்பார்கள். இவர்கள் வெளிச்சம் இல்லாத இடத்தைப் பெயராக வைத்தார்கள். இரண்டே வருஷத்தில் டிவி தொழிலையே விட்டுப் போகிறோம் என்று அறிவித்தார்கள். தட்டைத்திரையில் 'படத் தரம்' என்று எதைச் சொல்கிறோம், அதைக் கடையில் எப்படித் தவறவிடுகிறோம் என்பது இந்தக் கதையில் அப்படியே இருக்கிறது.

எந்தத் திரையாலும் கருப்பை உண்டாக்க முடியாது. வெளிச்சத்தைத் தராமல் இருக்க மட்டும்தான் முடியும். நம் கண்ணோ வெளிச்சத்தின் அளவைவிட, இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. கருப்பு சாம்பலாகிவிட்டால் பக்கத்தில் இருக்கும் முகமும் சோகை பிடித்த மாதிரி ஆகிவிடும். இந்த வித்தியாசத்துக்குப் பெயர்தான் கான்ட்ராஸ்ட்.

சரி, பெட்டியில்தான் பத்து லட்சத்துக்கு ஒன்று என்று போட்டிருக்கிறானே என்று கேட்கலாம். ரெசல்யூஷன் மாதிரி அது எண்ணிப் பார்க்கக்கூடிய எண் அல்ல. முழுத்திரையும் கருப்பாக இருக்கும்போது பின்விளக்கைத் தணித்து ஒரு அளவு எடுப்பார்கள். முழுத்திரையும் வெள்ளையாக இருக்கும்போது விளக்கை முழுசாக ஏற்றி இன்னொரு அளவு. ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் 'டைனமிக் கான்ட்ராஸ்ட்' ரெடி. அந்த இரண்டு அளவுகளும் ஒரே காட்சியில் ஒருநாளும் சேர்ந்து வராது.

எல்சிடி-யின் பிரச்சினை அதன் பிறவியிலேயே இருக்கிறது. பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் உள்ள திரவப் படிகங்கள் சன்னல் கதவு மாதிரி திறந்து மூடும். எவ்வளவு இறுக்கி மூடினாலும் இடுக்கில் வெளிச்சம் கசியும். 2009-ல் சாம்சங் 'எல்இடி டிவி' என்ற பெயரில் பெரிய அளவில் விற்கத் தொடங்கியதும் எல்சிடி-யைத்தான். மாறியது பின்விளக்கு மட்டும். ஆனால் அந்தப் பெயரே ஒரு புதிய தொழில்நுட்பம் மாதிரி நின்றுவிட்டது. (மார்க்கெட்டிங்கில் இப்படி ஒரு ஆள் போதும், பத்து எஞ்சினியர் வேண்டாம்.)

பிளாஸ்மாவுக்குப் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும். இது டிவிக்காகப் பிறந்ததே அல்ல என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1964-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்ஸர், ஜீன் ஸ்லாட்டோ, ஆய்வு மாணவர் ராபர்ட் வில்சன் மூவரும் 'பிளேட்டோ' என்ற கணினிவழிக் கல்வித் திட்டத்துக்கு ஒரு திரை தேடிக்கொண்டிருந்தார்கள். சாதாரண பிக்சர் டியூபில் படம் நிற்க வேண்டுமென்றால் அதை நொடிக்குப் பல முறை திரும்பத் திரும்ப வரைய வேண்டும். அதற்கு அந்தப் படத்தை எங்காவது நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும். பின்னாளில் பிளேட்டோவில் வந்த திரை 512-க்கு 512 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்றால் 32 கிலோபைட். இன்றைக்கு அது ஒரு ஸ்டிக்கரின் எடை. அன்றைக்கு ஒவ்வொரு டெர்மினலுக்கும் அவ்வளவு நினைவகம் வாங்கிக் கட்டுப்படியாகாது.

ஆகவே திரையையே நினைவகமாக்கினார்கள். கண்ணாடிக்குள் அடைத்த வாயுவில் ஒரு முறை மின்னிறக்கம் நடந்தால் அந்த அறையின் சுவரில் கொஞ்சம் மின்னூட்டம் தங்கிவிடும். பிறகு எல்லா அறைகளுக்கும் ஒரே மாதிரி மாறுமின்னழுத்தம் கொடுத்தாலும், ஏற்கெனவே எரிந்தது எரிந்துகொண்டே இருக்கும், அணைந்தது அணைந்தே இருக்கும். ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் அந்தத் திரையில் 1970-களில் மாணவர்கள் பாடம் படித்தார்கள், விளையாடினார்கள், ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொண்டார்கள். அதே பல்கலையில் படித்த லாரி வெபர், 1987-ல் ஐபிஎம் மூடிவிட்ட பிளாஸ்மா ஆலையின் இயந்திரங்களை வாங்கிய 'பிளாஸ்மாகோ'வில் இந்தத் தொழில்நுட்பத்தை வண்ணத்துக்குக் கொண்டுவந்தார். 1996-ல் அந்தக் கம்பெனியை மாட்சுஷிட்டா, அதாவது பின்னாளின் பானசோனிக், வாங்கியது.

ஆனால் பிளாஸ்மாவிலும் கருப்பு முழுசாகக் கருப்பில்லை. ஒரு அறை சட்டென்று எரிய வேண்டுமானால் அதைக் கொஞ்சம் தயார்நிலையில் வைத்திருக்க வேண்டும். அடுப்பை அணைக்காமல் சிம்மில் வைப்பது மாதிரி. அந்த மங்கல் ஒளிதான் கருப்பைக் கெடுத்தது. பயனியரின் எஞ்சினியர்கள் வருஷக்கணக்கில் இந்தச் 'சிம்'மை இறக்கிக்கொண்டே வந்தார்கள். அதன் விளைவுதான் குரோ. 2008 ஜனவரியில் லாஸ் வேகஸ் மின்னணுக் கண்காட்சியில் இன்னும் ஒரு படி போய், கருப்பில் அளக்கக்கூடிய ஒளியே வராத ஒரு மாதிரித் திரையைக் காட்டினார்கள். இருட்டறையில் அது இருக்கும் இடமே தெரியாது. அது விற்பனைக்கு வரவே இல்லை. இரண்டு மாதம் கழித்து, இனி பேனல்களை நாங்களே செய்யப் போவதில்லை என்றார்கள். 2009 பிப்ரவரியில் டிவியே செய்யப் போவதில்லை என்றார்கள்.

ஏன் தோற்றது? விலை அதிகம், எடை அதிகம், மின்சாரம் அதிகம், படம் தழும்பாகத் தங்கிவிடும் என்ற பயம். எல்லாம் உண்மைதான். லேப்டாப்புக்கும் மானிட்டருக்கும் சேர்த்து எல்சிடி உருவானதால் அதன் விலை சரிந்துகொண்டே போனது. ஆனாலும் கடையின் டியூப்லைட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பேன். பளீரென்ற வெளிச்சத்தில் இருபது டிவிகள் வரிசையாக நிற்கும். பிளாஸ்மாவின் கண்ணாடியில் கூரை விளக்குகள்தான் தெரியும். பக்கத்தில் எல்சிடி நீலம் கலந்த வெள்ளையில் கண்ணைப் பறிக்கும். ஆழமான கருப்பு தெரிவதற்கு ராத்திரி வேண்டும், விளக்கை அணைத்த வீடு வேண்டும். எந்தக் கடைக்காரர் நமக்காக விளக்கை அணைப்பார்?

அசைவிலும் இதே கதைதான். எல்சிடி ஒரு பிரேமை அடுத்தது வரும்வரை அப்படியே பிடித்து வைத்திருக்கும். ஓடும் ஆளைக் கண் தொடரும்போது அவர் கலங்கித் தெரிவார். விட்டு விட்டு மின்னும் பிளாஸ்மாவில் இந்தத் தொல்லை குறைவு. இதற்கு வைத்தியமாக, இல்லாத பிரேம்களைக் கணித்து நடுவில் செருகும் வசதி வந்தது. நொடிக்கு 24 பிரேமில் எடுத்த சினிமா வழுவழுவென்று சீரியல் மாதிரி ஆனது இதனால்தான். 2018 டிசம்பரில் டாம் குரூஸே ஒரு வீடியோவில் வந்து, தயவுசெய்து அதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த வருஷம் டிவி நிறுவனங்களும் ஸ்டுடியோக்களும் சேர்ந்த கூட்டமைப்பு 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்று ஒன்றை அறிவித்தது. அது செய்யும் வேலையில் பெரும்பகுதி, டிவி தானாகச் செய்யும் மேம்பாடுகளை நிறுத்துவது.

பானசோனிக் 2013 அக்டோபரில் பிளாஸ்மாவைக் கைவிடுவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டோடு சாம்சங்கும் எல்ஜியும் நிறுத்தின. அதே 2013-ன் தொடக்கத்தில்தான் எல்ஜி கொரியாவில் 55 அங்குல ஓஎல்இடி டிவியை விற்கத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், வேண்டாதபோது முற்றிலும் அணையும். அதன் மூலக் கண்டுபிடிப்பு 1987-ல் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் கோடாக்கில் செய்தது. ஃபிலிம் விற்ற அந்தக் கம்பெனி, தன் ஓஎல்இடி தொழிலை 2009 கடைசியில் எல்ஜிக்கு விற்றுவிட்டது. குரோ கடையை மூடிய அதே வருஷம்.