ஒரு லட்சம் என்னும் கோடு: சிறுநீரும் சாட்சியமும்

நீர்க்கடுப்பு என்று வந்து நிற்கிற பெண்ணின் சொல்லை நம்புவதா, அவள் குப்பியில் பிடித்துத் தருவதை நம்புவதா? மருத்துவத்தில் இது பழைய தகராறு. ஆளைப் பார்க்காமலே குப்பியை வெளிச்சத்தில் தூக்கி நோய் சொன்னவர்களை 'மூத்திரத் தீர்க்கதரிசி' என்று கேலிசெய்து இங்கிலாந்தின் தாமஸ் பிரையன் 1637இல் புத்தகமே போட்டார். சித்த மருத்துவமும் நீர்க்குறி, நெய்க்குறி பார்த்ததுதான். ஆனால் அதன் எண்வகைத் தேர்வில் மூத்திரத்தோடு 'மொழி'யும் ஒன்று என்பதைக் கவனிக்கவேண்டும்.

1956இல் பாஸ்டனின் எட்வர்ட் காஸ் ஒரு கோடு போட்டார். ஒரு மி.லி. சிறுநீரில் ஒரு லட்சம் பாக்டீரியா இருந்தால் தொற்று. குறைந்தால் பெரும்பாலும் வெளியிலிருந்து ஒட்டியது. நோக்கத்தில் குறையில்லை. கத்தீட்டர் செருகி நீர் எடுப்பதே தொற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதைத் தவிர்க்கப் பார்த்தார். ஆனால் அவர் ஆதாரமாகக் கொண்டது சிறுநீரகம்வரை தொற்று ஏறியவர்களையும், அறிகுறியே இல்லாதவர்களையும். எரிச்சலோடு வருகிற பெண்ணை அளக்கப் போட்ட கோடல்ல அது. இருந்தும் லேப் ரிப்போர்ட்டில் அதுவே சட்டமாயிற்று. லட்சத்துக்குக் கீழே வந்தவளுக்கு 'ஒண்ணும் இல்லேம்மா'; இல்லாவிட்டால் 'அக்யூட் யூரித்ரல் சிண்ட்ரோம்' என்றொரு பெயர். பெயர்தான், விளக்கம் கிடையாது. மனசுதான் காரணம் என்று சொன்னவர்களும் உண்டு.

1982இல் சியாட்டிலில் வால்டர் ஸ்டாம் குழுவினர் சிறுநீர்ப்பையிலிருந்தே நேரடியாக நீரெடுத்துப் பார்த்தார்கள். ஈ.கோலை வகைக் கிருமிகள் அங்கே இருந்த பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேரை லட்சக் கோடு தவறவிட்டிருந்தது. நூறு இருந்தாலே போதும் என்றார்கள். ஆயிரம் மடங்கு வித்தியாசம். இடையில் 26 வருஷம்.

டிப்ஸ்டிக் கதையும் இதேதான். நைட்ரைட்டைக் காட்டும் நிறமாற்றத்தை 1879இல் சொன்னவர், பீர் ஆலையில் வேலைபார்த்த வேதியியலாளர் பீட்டர் கிரீஸ். ஈ.கோலை நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும். ஆனால் நீர் பைக்குள் சில மணி நேரம் தங்கவேண்டும். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஓடுகிறவளுக்கு எங்கே தங்கும்? எண்டரோகாக்கஸ் போன்றவை நைட்ரைட்டை உண்டாக்குவதே இல்லை. பட்டை வெளுத்துக் கிடக்கும், எரிச்சல் அப்படியே இருக்கும்.

வயதானவர்களிடம் கதை தலைகீழ். அறிகுறி இல்லாமலே கிருமி இருப்பது அங்கே சகஜம். பட்டை நிறம் மாறியதுமே தேவையில்லாத ஆண்டிபயாடிக். இங்கிலாந்தின் வழிகாட்டுதல் 65 வயதுக்கு மேல் டிப்ஸ்டிக்கை நம்பவேண்டாம் என்கிறது. அதற்குக் கீழே, கர்ப்பமில்லாத, வெள்ளைப்படுதல் இல்லாத பெண்ணுக்குக் கடுப்பு, புதிதாக ராத்திரியில் எழுந்து போவது, நீர் கலங்குவது ஆகியவற்றில் இரண்டு இருந்தாலே தொற்று என்று கொள்ளலாம். ஒன்று மட்டும் இருந்தால்தான் பட்டையை எடுக்கவேண்டும்.