பெயர் எழுதாத பேரேடு

வானத்திற் பறந்து சென்றவன் ஒருவன் திரும்பவில்லை. மண் வெட்டச் சென்றவன் ஒருவனும் திரும்பவில்லை. இருவரையும் வீட்டார் தேடினர். ஒருவன் எலும்பாகவேனும் கிடைத்தான். மற்றவன் அங்ஙனமும் கிடைத்திலன். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. அதற்கு எட்டு நாட்களுக்குப் பின், 23-ஆம் நாள், கொக்கோஸ் தீவிலிருந்து பிரிட்டிஷ் விமானப் படையின் லிபரேட்டர் விமானம் ஒன்று மலாயாவை நோக்கிப் புறப்பட்டது. கே.எல். 654 என்பது அதன் எண். காடுகளில் ஜப்பானியரை எதிர்த்து நின்ற படையினருக்குப் பொருள்களைப் போடுவதே அதன் வேலை. நெகிரி செம்பிலான் மலைக்காட்டில் அது வீழ்ந்தது. அதிலிருந்த எண்மரும் மாண்டனர். யுத்தம் ஒழிந்ததென்று உலகம் களித்த நாட்களில், அவ்வெட்டு வீடுகளுக்குக் கிடைத்தது, ‘காணவில்லை’ என்னும் ஒரு சொல்லே.

‘இறந்தான்’ என்றால் அழுது ஓயலாம். ‘காணவில்லை’ என்றால் அழவும் இயலாது, ஓயவும் இயலாது. கதவு தட்டப்படும்பொழுதெல்லாம் நெஞ்சு துடிக்கும். தாய்க்கு அது வெள்ளையர் நாட்டிலும் ஒன்றுதான். நம் லயத்திலும் ஒன்றுதான்.

ஆயினும் வெள்ளையர் தாய்க்கு ஒரு துணை இருந்தது. காணாமற்போன விமானிகளைத் தேடுதற்கென்றே பிரிட்டிஷ் விமானப் படை தனிப் பிரிவொன்றை அமைத்து, 1949 வரை நடத்தியது. யந்திரத்தில் பொறித்த எண், விரலில் கிடந்த மோதிரம், சட்டையில் வண்ணான் இட்ட குறி ஆகியவற்றைக்கொண்டும் ஆளை அடையாளங் கண்டனர். உடல் கிடைக்காதாருக்கும் பெயர் தப்பவில்லை. சிங்கப்பூர்க் கிராஞ்சியில் கல்லறை அறியப்படாத வீரர் இருபத்துநாலாயிரத்துக்கு மேற்பட்டோரின் பெயர்களைச் சுவர்களில் வெட்டி வைத்துள்ளனர். நம் இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் அங்கே உள.

கே.எல். 654-இன் கதையும் அவ்வாறே முடிந்தது. காட்டிற் கிடந்த சிதைவு பிற்காலத்தில் அடையாளங் காணப்பட்டது. எஞ்சியவை எடுக்கப்பட்டு, 2012-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் கோலாலம்பூர்ச் செராஸ் சாலைப் போர்க் கல்லறையில் இராணுவ மரியாதையுடன் அடக்கஞ் செய்யப்பட்டன. உறவினர் கடல் கடந்து வந்து நின்றனர். அறுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் ஒரு கேள்விக்கு விடை கிடைத்தது. கிடைத்தமைக்குக் காரணம், புறப்படும் நாளிலேயே எண்மர் பெயரையும் ஒருவன் ஏட்டில் எழுதி வைத்தமையே.

இனி நம் வாசலுக்கு வருவோம். அதே யுத்தம் கோல சிலாங்கூர் வழியேதான் நடந்து சென்றது. 1942 ஜனவரி 2-ஆம் நாள் ஜப்பானியர் படகேறி இக்கடற்கரையை நெருங்கினர். பீரங்கிகள் அவர்களைத் துரத்தின. சில நாட்களில் பத்தாங் பெர்ஜுந்தை ஆற்றுத்துறையிலும் போர் மூண்டது. ஜனவரி 11-இல் கோலாலம்பூர் விழுந்தது. துரைமார் ஓடினர், அல்லது சிறைப்பட்டனர். பல தோட்டங்களின் ஆபீஸ் சாவி கிராணிமார் கைக்கு வந்தது.

பின்னர் வந்தது சயாம் ரயில். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவிலிருந்து மட்டும் சுமார் எழுபத்தையாயிரம் தொழிலாளர் கொண்டுபோகப்பட்டனர். அவருள் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். சில மாத வேலை, நல்ல கூலி என்று முதலில் ஆசை காட்டினர். ஆள் போதாதபொழுது லாரியில் ஏற்றிச் சென்றனர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களைக் கூட்டங் கூட்டமாகத் தின்றன.

அப்பாதையில் மாண்ட வெள்ளைக் கைதிகளுக்கு, உடனிருந்த கைதிகள் இரகசியமாகப் பட்டியல் எழுதி மறைத்து வைத்தனர். 1945 செப்டம்பரில் ஒரு குழு அப்பட்டியல்களோடு பாதை நெடுகச் சென்று பதினாயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது. அவற்றுள் பல காஞ்சனபுரியில் இன்று பூஞ்செடிகளோடு வரிசையாய் நிற்கின்றன. நம்மவருக்குப் பட்டியல் எழுதுவார் இல்லை. ஆதலின் கல்லறையும் இல்லை.

ஈண்டு நாம் ஒன்றை மறைத்தல் தகாது. ‘இத்தனை பேர் வேண்டும்’ என்று ஜப்பானியன் கேட்டபொழுது, பல தோட்டங்களில் ஆளைக் குறித்துக் கொடுத்தவர் கிராணியும் கங்காணியுமே. மறுத்தால் அடி விழும் என்பது மெய். ஆனால் யார் பெயர் முதலில் எழுதப்பட்டது? கேட்பாரற்ற ஏழையின் பெயர் என்றே முதியோர் கூறக் கேட்டிருக்கின்றோம். அனுப்புவதற்குப் பெயர் எழுதத் தெரிந்த கை, திரும்பாதவனுக்குப் பெயர் எழுதவில்லை. நாமும் செக்ரோல் எழுதிப் பிழைக்கும் கிராணியாதலின், இப்பழியில் நமக்கும் பங்குண்டு என்றே எண்ணுகின்றோம்.

சென்ற ஆண்டு எண்பது கடந்த பெரியவர் ஒருவர் நம் ஆபீஸ் படியேறி வந்தார். “ஐயா, எங்கப்பா சயாமுக்குப் போனாரு. பழைய புஸ்தகத்துல பேரு இருக்குமான்னு பாருங்க” என்றார். இரண்டு நாள் பழைய அலமாரியைக் குடைந்தோம். பால்மரம் போய்ச் செம்பனை வந்த காலத்துக்கு முந்திய ஏடு ஒன்றேனும் இல்லை. கறையான் தின்றது பாதி, குப்பையில் எரிந்தது பாதி. இல்லை என்றோம். அவர் சினக்கவில்லை. “பேரு மாரிமுத்துங்க. நீங்களாவது எழுதி வச்சுக்குங்க” என்று கூறிப் போனார். எழுதி வைத்தோம்.

2023-இல் காஞ்சனபுரியில் பௌத்த ஆலயம் ஒன்றில் நம்மவர்க்கு நடுகல் எடுத்தனர். நன்று. பழந்தமிழர் நடுகல்லில் மாண்டவன் பெயரையும் பொறித்தனர். பெயரைக் கல் தேடித் தராது. நாம்தான் தர வேண்டும்.

ஆதலின், அன்பர்களே! புக்கிட் ரோத்தான் முதல் தஞ்சோங் காராங் வரை, ஒவ்வொரு தோட்டத்திலும் இப்பொழுதே முதியவர்களைக் கண்டு பேசுங்கள். சயாமுக்குப் போனவன் பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர் ஆகிய மூன்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பெண்கள் பெயரை விடாதீர்கள், அவர்களும் போனார்கள். திதி கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு இதற்குச் செலவிட்டால் மாண்டவர்க்கு அதனினும் பெரிய கடன் இல்லை. காட்டில் விழுந்த விமானத்திற்கு ஓர் எண் இருந்தது. நம் பாட்டனுக்கு அதுவும் வேண்டாம்; அவன் பெயர் போதும்.