தோளில் சுமந்த கூரை

மழைக்காலத்தில் நெடுஞ்சாலையில் செல்லும் லாரிகளைக் கவனித்திருப்பீர்கள். நெல் மூட்டையானாலும் சிமெண்டு மூட்டையானாலும் அதன்மேல் ஒரு தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருக்கும். அந்தப் பெயரிலேயே அதன் வரலாறு அடங்கியுள்ளது. பாய்மரக் கப்பல்கள் ஓடிய காலத்தில் ஐரோப்பிய மாலுமிகள் கித்தான் துணியில் தாரைப் பூசிச் சரக்கை மூடினார்கள். இன்று சாலை போடும் தார் அன்று அது. பைன் மரக்கட்டையைச் சுட்டு வடித்தெடுத்த தார். அந்தத் துணிக்கு ஆங்கிலத்தில் டார்பாலின் என்று பெயர். சொல்லின் முன்பாதி அங்கிருந்து வந்தது, 'பாய்' நம்முடையது. ஓசையும் பொருளும் ஒருங்கே இசைந்த இத்தகைய சொற்கள் மொழிக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

தார் பூசிய துணி நனையாது, ஆனால் கனக்கும். கப்பலுக்கும் லாரிக்கும் அது ஒரு பொருட்டன்று. வீட்டை முதுகில் சுமந்துகொண்டு காட்டுக்குள் நடக்கும் வேட்டைக்காரனின் நிலை என்ன? மழை வந்தால் கூரை வேண்டும். கூரையைச் சுமந்தால் நடை தளரும். துணி நனையாமலும் இருக்கவேண்டும், கனக்காமலும் இருக்கவேண்டும் என்ற இந்தச் சிக்கலைத் தீர்க்க நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

முதலில் இதை எதிர்கொண்டவை படைகளே. அமெரிக்க உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் பன்னிரண்டு பேர் தங்கும் பெரிய கூம்புக் கூடாரங்கள் வழங்கப்பட்டன. அவற்றை இழுக்க வண்டிகள் தேவை; வண்டி பின்தங்கினால் படைவீரன் மழையில் நனையவேண்டியதுதான். 1862 முதல் வடபகுதிப் படையினருக்கு, பிரெஞ்சுப் படைகள் அல்ஜீரியாவில் கையாண்ட முறையைப் பின்பற்றி, ஆளுக்கு ஒரு துண்டுத் துணி கொடுத்தார்கள். இருவர் தம் துண்டுகளைப் பொத்தானால் இணைத்தால் ஒரு சிறு கூடாரம். 'நாய்க்கூண்டு' என்று வீரர்கள் கேலி செய்தனர். இருந்தாலும் கூரை வண்டியை விட்டு இறங்கி மனிதனின் தோளுக்கு வந்துவிட்டது!

இனி, நாம் சந்திக்கவேண்டியவர் ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ். 1821இல் பிறந்தவர், பென்சில்வேனியாவில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். எடை ஏறத்தாழ 48 கிலோகிராம். நெஞ்சு நோய் வேறு. சிறுவயதில் தம்மிடம் அன்பு காட்டிய அமெரிக்கப் பழங்குடி மனிதர் ஒருவரின் பெயரான 'நெஸ்மக்' என்பதையே தம் புனைபெயராக வைத்துக்கொண்டு பத்திரிகைகளில் எழுதினார். அக்காலத்தில் நியூயார்க் மாநிலத்து அடிராண்டாக் காடுகளுக்குச் செல்வது நகரத்துச் செல்வர்களின் பொழுதுபோக்காக இருந்தது. ஏரிக்கும் ஏரிக்கும் இடையே படகையும் மூட்டையையும் கூலி பெற்ற வழிகாட்டிகள் சுமப்பார்கள். சியர்ஸிடம் கூலி கொடுக்கப் பணமில்லை. பெருஞ்சுமை தூக்க உடம்பும் இல்லை. காட்டை மறப்பது, அல்லது சுமையைக் குறைப்பது: வேறு வழி அவருக்கு இருக்கவில்லை.

அவர் சுமையைக் குறைத்தார். 1883இல், தம் அறுபத்தொன்றாம் வயதில், பத்தரைப் பவுண்டு எடையுள்ள ஓடத்தில் தனியாக 266 மைல் சென்று வந்தார். பத்தரைப் பவுண்டு என்றால் ஐந்து கிலோவுக்கும் குறைவு! ஓடம், போர்வைப் பை, மாற்றுடை, சிறு கோடரி, தூண்டில், இரண்டு நாள் உணவு எல்லாம் சேர்த்துத் தம் சுமை 26 பவுண்டைத் தாண்டியதில்லை என்று 1884இல் வெளிவந்த 'உட்கிராஃப்ட்' என்ற நூலில் எழுதினார். நம் ஊரில் ஒரு குடம் தண்ணீரே ஏறக்குறைய அவ்வளவு கனக்கும்.

அந்நூலில் அவர் விவரிக்கும் கூரை வெறும் பருத்தித் துணிதான். சுமார் ஒன்பதரை லிட்டர் நீரில் 280 கிராம் சுண்ணாம்பும் 110 கிராம் படிகாரமும் கலந்து, தெளிந்த நீரில் துணியைப் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, அலசி, வெயிலில் உலர்த்தவேண்டும். கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்க நம் வீடுகளில் பயன்படுத்திய அதே படிகாரந்தான்! அதிலுள்ள அலுமினியம் சுண்ணாம்புடன் சேர்ந்து, நீரில் கரையாத நுண்பொருளாக நூலிழைகளுக்கிடையே படிந்துவிடுகிறது. மீதி வேலையைப் பருத்தியே செய்கிறது. நனைந்ததும் நூல் பருத்து இடைவெளிகள் சுருங்குகின்றன. எஞ்சிய நுண்துளைகளில் நீரின் பரப்பு இழுவிசை ஒரு தோல்போல் நின்று, துளியைக் கீழே விடாமல் தடுக்கிறது. பழைய துணிக்குடை இருந்தால் நீங்களே பார்க்கலாம். மேலே நீர் ஊற்றினால் ஒழுகாது. உட்புறம் விரலால் தொட்டால் அந்த இடத்தில் சொட்டத் தொடங்கும். கூடாரத் துணியை உள்ளிருந்து தொடாதே என்று எச்சரிப்பதன் காரணம் இதுவே.

சியர்ஸின் கூரை பின்பக்கம் தாழ்ந்து சரிந்தது; முன்பக்கம் முழுத் திறப்பு. வாயிலுக்கு எதிரே தீ மூட்டுவார். சரிந்த துணி வெப்பத்தைப் படுத்திருப்பவர்மேல் திருப்பி அனுப்பும். கனமான கம்பளிகளைச் சுமக்காமலே அவரால் குளிரைத் தாங்க முடிந்தது என்றால், அதில் இந்தச் சரிவுக்குப் பெரும் பங்குண்டு.

அடுத்த மாற்றம் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 1933இல் இங்கிலாந்தில் பாலிஎதிலீனும், 1935இல் அமெரிக்காவில் கரோதர்ஸ் குழுவினரின் நைலானும் கண்டறியப்பட்டன. பிளாஸ்டிக் மலிந்தபின் அதன் பயனைக் காட்டியவர், எம்மா கேட்வுட் என்ற 67 வயது மூதாட்டி. 1955இல் அப்பலாச்சியன் மலைப்பாதையை, 3,200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை, ஒற்றை ஆளாக நடந்து முடித்தார். மழைக்கு அவர் வைத்திருந்தது குளியலறைத் திரையாகப் பயன்படும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு!

இன்று சிலிக்கோன் ஊட்டிய நைலான் வந்துவிட்டது. மூன்று மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் உள்ள விரிப்பு அரைக் கிலோவுக்குள் அடங்கும். அதே அளவுக் கித்தான் மூன்று கிலோ இருக்கும். ராக்கி மலைகளில் எல்க் மான் வேட்டையாடுவோர் பலர் இதை விரும்புகின்றனர். வேட்டை வாய்த்தால், ஒரே நடையில் சுமக்க முடியாத அளவு இறைச்சியை முதுகில் இறக்கவேண்டும். அவர்களுக்கு ஒவ்வொரு கிராமும் கணக்கு. மரங்களுக்கிடையே ஒரு கயிறு, ஓரங்களில் சில முளைகள். காற்று வரும் திசையில் தாழ்த்திக் கட்டினால் போதும். பக்கங்கள் திறந்திருப்பதும் ஒரு நன்மையே: நைலான் நீராவியை வெளியே விடாது. நாற்புறமும் மூடினால் நம் மூச்சின் ஈரம் உட்புறத்தில் பனித்துளியாகப் படியும். திறந்த விரிப்பின்கீழ் காற்று அதை அள்ளிச் சென்றுவிடும்.

சியர்ஸ் கண்டால் எடையைப் பார்த்து வியப்பார். ஆனால் அவருடைய தீயை இதன் வாயிலில் மூட்ட இயலாது. பறந்து வரும் ஒரு பொறி பட்டாலும் நைலான் உருகி ஓட்டையாகிவிடும். நெருப்பருகே படுக்க விரும்பும் சில வேட்டைக்காரர்கள், எடை கூடினாலும் கூடட்டும் என்று, இன்றும் பருத்தித் துணியைத்தான் கட்டிச் செல்கிறார்கள்.