போடிமெட்டில் தண்ணீர் ஏறும் கணக்கு

ஏலத்தோட்டத்துக்குப் பம்பு வாங்குபவர்கள் பெரும்பாலும் 'எத்தனை எச்பி (குதிரைத்திறன்)?' என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். போடிமெட்டு போன்ற மலை விளிம்பில் அது இரண்டாவது கேள்வி. எவ்வளவு தண்ணீரை எத்தனை அடி ஏற்ற வேண்டும் என்பதே முதல் கேள்வி. பம்பு வருமுன்பே கீழ்நாட்டுச் சம்சாரிகள் இப்படித்தான் கணக்குப் போட்டார்கள். வாய்க்காலிலிருந்து சில அடி மேட்டு வயலுக்கு இருவர் வீசும் இறைகூடை, ஆழமில்லாத கிணற்றுக்கு ஏற்றம், ஆழக் கிணற்றுக்கு மாடு இழுக்கும் கமலை. எந்தக் கருவி என்பதைத் தீர்மானித்தது வசதிதான், கணக்கல்ல என்று சிலர் மறுக்கலாம். மாடில்லாதவன் கமலை கட்ட முடியாது என்பது உண்மையே. ஆனால் மாடிருந்தவனும் வாய்க்கால் கரையில் கமலை கட்டவில்லை. ஆள்பலம் எவ்வளவு இருந்தாலும் ஆழக் கிணற்றில் இறைகூடை உதவாது. வசதி அனுமதித்ததற்குள் உயரமே முடிவு செய்தது.

இந்தக் கணக்கைப் பின்னுக்குத் தள்ளியது எஞ்சினும் மின்சாரமும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் எண்ணெய் எஞ்சின் பம்புகளைப் பரப்பினார். 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் கோயம்புத்தூருக்கு வந்தது. அந்த ஊர்ப் பட்டறைகள் மோட்டாரும் பம்பும் செய்யத் தொடங்கின. ஒரு வட்டாரத்துக் கிணறுகள் ஏறத்தாழ ஒரே ஆழத்தில் இருக்கும் சமவெளியில், குதிரைத்திறனை மட்டும் சொல்லிப் பம்பு வாங்கினாலும் பெரிய தவறு நேரவில்லை. அந்த வழக்கமே மலையேறி வந்தபோது பொருந்தாமல் போனது.

போடிமெட்டு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓடை பள்ளத்தில், ஏலம் சரிவில். கோடையில் செடியைக் காக்க, படுதா விரித்த குளத்தில் தண்ணீரைச் சேர்க்கிறார்கள். அந்தக் குளத்துக்கு நீரை ஏற்றும் பம்பை எங்கே வைப்பது? கடலோரத்தில் காற்றழுத்தம் கொள்கையளவில் சுமார் 10.3 மீட்டர் வரை நீரை உறிஞ்ச விடும். இங்கே அது 8.7 மீட்டர்தான். குழாய் உரசலையும் நீராவி அழுத்தத்தையும் கழித்தால் ஆறு மீட்டரை நம்புவதே கடினம். ஆகவே மேட்டில் பம்பை வைத்து இழுப்பதைவிட, ஓடையருகே வைத்துத் தள்ளுவதே சரி. நொடிக்கு ஒரு லிட்டரை 50 மீட்டர் ஏற்ற அரை கிலோவாட் போதும். பாதி வீணாகும் என்று வைத்தாலும் ஒரு கிலோவாட்தான்.

'பெரிய மோட்டார் இருந்தால் பயமில்லையே' என்பது வழக்கமான பதில். நிறைய நீரைக் குறைந்த உயரத்துக்குத் தள்ளச் செய்த பம்பு, தன் எல்லை உயரத்தைத் தாண்டினால் எத்தனை எச்பி இருந்தாலும் ஒரு சொட்டும் ஏற்றாது. மாறாக, அதிக உயரத்துக்குச் செய்ததைக் குறைந்த உயரத்துக்கு வைத்தால் மின்சாரம் வீணாகி மோட்டாரும் சூடாகும். கடைக்குப் போகுமுன் உயர வித்தியாசம், குழாயின் நீளம், தேவையான லிட்டர் மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எச்பியை அந்தக் கணக்கே சொல்லிவிடும்.