காசுக்கு முலாம் பூசுவது ஏன்?

செல்லுபடியாகும் காசுக்கு, கைக்காசு செலவழித்து வேறு உலோகத்தில் முலாம் பூசுவார்களா? கேட்கும்போது வீண்வேலை போலத்தான் தெரிகிறது. ஆனால் அரசர் முதல் ஏமாற்றுப் பேர்வழி வரை பலரும் இதைச் செய்திருக்கிறார்கள். காரணம் மட்டும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

முதலில் இங்கிலாந்து. அந்தக் காலத்தில் நாணயத்தின் மதிப்பு அதிலுள்ள வெள்ளிதான். போர்ச் செலவைச் சமாளிக்க முடியாத எட்டாம் ஹென்றி, 1544 முதல் வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டினார். 92.5 சதவீதமாக இருந்த வெள்ளி, அவர் ஆட்சி முடிவதற்குள் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது! ஆனாலும் மேற்பரப்பில் மட்டும் வெள்ளி மினுங்கியது. காசில் இருந்த ராஜாவின் முகம் நேராகப் பார்க்கும் முகம். அதில் மூக்குதான் மேடான இடம். கை மாற மாற முதலில் தேய்ந்தது அந்த மூக்கு. உள்ளிருந்த செம்பு வெளியே தெரிந்தது. மக்கள் ராஜாவுக்கு 'செம்பு மூக்கர்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். நல்ல பழைய காசுகளைப் பதுக்கினார்கள், விலைவாசி ஏறியது. கடைசியில் அவர் மகள் முதலாம் எலிசபெத்தான் 1560-61-ல் அந்த மட்டக் காசுகளைத் திரும்பப் பெற்றார்.

அடுத்தது அமெரிக்கா, 1883. இங்கே காசின் மதிப்பு உலோகத்தில் இல்லை, அரசு குறித்த எண்ணில் இருந்தது. அந்த ஆண்டு வந்த புதிய ஐந்து சென்ட் நிக்கல் காசில் 'V' என்ற ரோமன் எண் இருந்தது. 'சென்ட்' என்ற சொல் அதில் இல்லை. அளவிலும் அது ஐந்து டாலர் தங்கக் காசை ஒத்திருந்தது. விடுவார்களா? தங்க முலாம் பூசி, சிலர் விளிம்பில் வரிகளும் வெட்டி, ஐந்து டாலர் என்று கடைகளில் தள்ளினார்கள். ஐந்து சென்ட் காசு நூறு மடங்கானது! தராசில் வைத்திருந்தால் குட்டு உடைந்திருக்கும்: தங்கக் காசு 8.36 கிராம், நிக்கல் 5 கிராம். ஆனால் அவசரத்தில் யார் எடை போடுவார்? நஷ்டம் கடைக்காரருக்குத்தான். அதே ஆண்டிலேயே 'சென்ட்' என்ற சொல் காசில் ஏறியது.

மூன்றாவது, 1943. உலகப் போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அமெரிக்கா ஒரு சென்ட் காசை எஃகில் அடித்து, துருப்பிடிக்காமலிருக்கத் துத்தநாகம் பூசியது. நூறு கோடிக்கும் மேல் அடித்தார்கள். தவறுதலாக ஒரு சில மட்டும் பழைய செம்புக் கலவையிலேயே வந்துவிட்டன. அவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலையே வேறு. 2010-ல் ஒன்று 17 லட்சம் டாலருக்கு விற்றது. இந்த ஆசையில்தான் எஃகுக் காசுகளுக்குச் செம்பு முலாம்! ஆக, ஒரே காசில் இரண்டு முலாம்: அரசு பூசியது காசைக் காப்பாற்ற, மற்றவர் பூசியது ஆளை ஏமாற்ற. ஒரு காந்தம் போதும், எஃகு ஒட்டிக்கொள்ளும்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். உலோகத்தை நம்பிய காலத்தில் வெள்ளி நிறம், எண்ணை நம்பிய காலத்தில் தங்க நிறம், அரிய பொருளைத் தேடிய காலத்தில் செம்பு நிறம். மக்கள் எதைச் சோதிக்காமல் நம்புகிறார்களோ, அதற்கேற்ற முலாம்தான் பூசப்படுகிறது.

இன்று நினைவுப் பொருளாக விற்கும் தங்க முலாம் காசுகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். அவற்றில் உள்ள தங்கம் மிக மெல்லிய படலம்தான். பூசிய காசைச் சேதப்பட்ட காசாகவே சேகரிப்பாளர்கள் மதிக்கிறார்கள். வாங்குவதற்கு முன் அந்தச் செம்பு மூக்கை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது!