வளைந்த பாய்: பைசேலியாவின் கரையொதுங்கலும் வுட்காக்கின் அரைக்கோள விளக்கமும்

பைசேலியா கரையொதுங்கினால் காற்றைக் காரணம் காட்டிவிட்டுக் கடந்துவிடுகிறோம். அது தவறன்று. போர்ச்சுகீசியப் போர்க்கப்பல் என்று பெயர் பெற்ற இந்தக் கூட்டுயிரிக்கு நீந்தும் உறுப்பே இல்லை. நீர்மேல் நிற்கும் வாயுப்பையும் அதன் முகடுமே பாய். ஆனால் அந்தப் பாய் சில உயிரிகளில் இடப்புறமும் சிலவற்றில் வலப்புறமும் வளைந்து, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல் அமைகிறது. ஒரே காற்றில் ஒருவகை இடப்பக்கம் விலகிப் போகும், மற்றது வலப்பக்கம். இந்த இருமைக்கு விரிவாக விடை சொல்ல முயன்றவர் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தின் ஆல்பிரட் வுட்காக். அவருடைய விடையை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

அட்லாண்டிக்கில் கடற்பாசி காற்றின் திசையில் வரிவரியாகத் திரண்டு கிடந்ததை 1927இல் கண்ட இர்விங் லாங்மியூர், மேற்பரப்பு நீர் இணையிணையான சுழல்களாக உருள்வதே காரணம் என்று 1938இல் விளக்கினார். வுட்காக் 1944ஆம் ஆண்டுக் கட்டுரையில் இதைப் பற்றிக்கொண்டு எதிர்த்திசையில் நடந்தார்: பைசேலியா நகரும் விதத்திலிருந்து நீரின் இயக்கத்தை ஊகித்தார். வட அரைக்கோளத்தில் ஒரு வளைவும் தென் அரைக்கோளத்தில் மற்றதும் மிகுதி என்றார். ஆகவே பாயின் வளைவு அந்தந்த அரைக்கோளத்து நீரோட்டத்துக்கான தகவமைப்பு என்பது அவர் வாதத்தின் சாரம். 1956இல் 'நேச்சர்' இதழில் மீண்டும் இதே பொருளை எழுதினார். துணிச்சலான ஊகம்தான். ஆனால் மிகுதி என்பதை எங்கே எண்ணுவது?

கரையில் எண்ணினால் ஏமாறுவோம். கடலில் இரு வகையும் சரிபாதி இருந்தாலும், ஒரு வாரக் காற்று ஒருவகையை மட்டும் கரைசேர்த்து மற்றதை அப்பால் கொண்டுபோகலாம். கடற்கரை ஒரு சல்லடை. அதில் தங்கியதை வைத்துக் கடலின் விகிதத்தைச் சொல்ல முடியாது. சிட்னியின் மரூப்ரா, கூஜி, குளோவல்லி கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் நாள்தோறும் எழுதிவைத்த குறிப்புகளை ஆராய்ந்த 2022ஆம் ஆண்டு ஆய்வில், காற்றின் திசையோடு கரை எத்திசை நோக்கியிருக்கிறது என்பதும் பொருட்படுத்தத்தக்கதாயிற்று. அக்கம்பக்கத்துக் கரைகளுக்கே இப்படியென்றால் அரைக்கோளங்களுக்குக் கேட்கவே வேண்டாம்.

இரு வடிவங்களும் இரு அரைக்கோளங்களிலும் உண்டு. 1960இல் டாட்டனும் மேக்கியும் வெளியிட்ட பெரிய ஆய்வு வுட்காக்கின் பிரிவினையைத் தளர்த்தியது. ஆனால் டாட்டன் பைசேலியாவை ஒரே இனமாகவே கொண்டார். இங்கேதான் லெசுவரின் பழைய பெயர் ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. போதேன் தலைமையிலான பிரெஞ்சுக் கடற்பயணத்தில் (1800-1803) ஓவியராகப் பணியாற்றிய அவரும் பெத்தியும் 1807இல் 'பைசேலியா மெகலிஸ்டா' என்று ஒன்றைத் தனித்துக் காட்டினர். பின்வந்தோர் அதை ஒற்றை இனத்துக்குள் கரைத்துவிட்டனர். 2025இல் 151 உயிரிகளின் மரபணுத்தொகுதியை ஒப்பிட்ட ஆய்வு நான்கு இனங்களைப் பிரித்தபோது மெகலிஸ்டா திரும்பி வந்தது. ஒரே கடற்பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் கலந்திருப்பதும் தெரிந்தது. அப்படியானால் வுட்காக் மட்டுமல்ல, அவரை மறுத்தவர்களும் வெவ்வேறு இனங்களை ஒன்றாக எண்ணியிருக்கக்கூடும். இது என் ஊகமே. பழைய எண்ணிக்கைகளை இனவாரியாகப் பிரிக்க இன்று வழியில்லை. ஆனால் இனம் பிரிக்காத எண்ணிக்கையைத் தகவமைப்புக்குச் சான்றாக நிறுத்துவது எந்தக் காலத்திலும் பலவீனமான வாதம்தான்.

வளைவு எப்போது முடிவாகிறது என்பதும் தீரவில்லை. இளம் உயிரி முதன்முதல் எதிர்கொள்ளும் காற்றே அதை முடிவுசெய்கிறது என்ற கருத்து நெடுநாள் நிலவியது. நீர்மட்டத்துக்கு வருமுன்பே வளர்ச்சியின் தொடக்கத்தில் அது அமைந்துவிடுகிறது என்பது 2019இல் மன்ரோ குழுவினர் முன்வைத்த கருத்து. உடற்கூற்றுச் சான்று இரண்டாவது கருத்தின் பக்கமே சாய்கிறது. ஆனால் பைசேலியாவின் கருவுறுதலையும் முதல் வளர்நிலைகளையும் கடலில் நேரில் கண்டவர் இல்லை; அதுவரை இதை நிறுவப்பட்டதாகக் கொள்ள நான் தயங்குவேன். வுட்காக்கைச் சோதிக்க வேண்டுமானால் கரையை விட்டு நடுக்கடலில், இனம் பிரித்து, இடமும் வலமும் எண்ண வேண்டும்.