வேலியா, சல்லடையா? பாக்கு மெல்வோர் வாயில் இறுகும் திசு

பாக்கு மென்று மென்று கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார் பாய்ந்து, வாய் திறக்க முடியாமல் போகும் நாரிறுக்க நிலையைப் புற்றுக்கு எதிரான வேலியாகக் கருதும் போக்கு அண்மையில் வலுப்பெற்றுள்ளது. அத்தகைய வாயில் எழும் கட்டி தடிப்புக் குறைந்தது, கழுத்து நிணக்கணுக்களுக்குக் குறைவாகவே பரவுகிறது என்று சில மருத்துவமனைத் தொகுப்புகள் காட்டியதே இதற்கு ஆதாரம். அந்தத் தரவை நான் ஏற்கிறேன். அதிலிருந்து பெற்ற முடிவை ஏற்க இயலவில்லை. அத்தொகுப்புகள் கட்டி தோன்றிய பிறகுதான் எண்ணத் தொடங்குகின்றன.

கட்டிக்கு முன்பிருந்தே எண்ணிய சான்று எர்ணாகுளத்திலிருந்து வந்தது. நாரிறுக்கம் கண்ட 66 பேரை 17 ஆண்டுகள் தொடர்ந்த அந்த ஆய்வு 1985இல் வெளியானது. 7.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஐவருக்கு, புற்று வந்தது. மற்ற 61 பேரைச் சுட்டி, நாரிறுக்கம் வெறும் தழும்பு என வாசிப்பது எளிது. ஐந்து சிறிய எண் என்பதும் உண்மை. ஆயினும் வேலி என்ற சொல்லுக்கு இந்த ஐவர் இடம் தரவில்லை.

நாரிறுக்கத்துக்கும் புற்றுக்கும் இடையிலான நீண்ட காத்திருப்புக்கு மரபணு மாற்றங்கள் ஒவ்வொன்றாகச் சேர்வதே காரணம் எனலாம். ஆனால் 2018இல் வெளியான ஆய்வு, நாட்ச்1 மரபணு மாற்றம் உணவுக்குழாய்ப் புற்றில் உள்ளதைவிட, நடுவயதைக் கடந்தோரின் நலமான உணவுக்குழாயில் மிகுதி என்று காட்டியது. மாற்றம் மட்டும் புற்றாகாது. எந்தச் செல் பெருகும் என்பதில் அது வாழும் இடத்துக்கும் பங்குண்டு.

பாக்கிலுள்ள அரிகோலின் நார்ச்செல்களைத் தூண்டிக் கொலாஜனைப் பெருக்குகிறது. பாக்கின் செம்பு, கொலாஜன் இழைகளைப் பிணைக்கும் நொதியை ஊக்குவதால் அவை எளிதில் சிதைவதில்லை. இரத்தக் குழாய்கள் குறுகி ஆக்சிஜன் குறைகிறது. ஆக்சிஜன் குறைவு, புற்றைத் தடுக்கும் பி53 மரபணுவை இழந்த செல்களுக்குச் சாதகமாகிறது என 1996இலேயே சோதனை காட்டியது. இயல்பான செல் மடியும் இடத்தில் பிறழ்ந்த செல் தாக்குப்பிடிக்கிறது. எனவே இறுகிய திசு ஒரு சல்லடை. நிணநீர் வழிகளை நெருக்கிப் பரவலைத் தாமதப்படுத்தும் அதே இறுக்கம், பரவவல்ல செல்லையும் சலித்தெடுக்கக்கூடும். பாக்கை விட்ட பின்னும் இறுக்கம் பெரும்பாலும் நீங்காததால், சலிப்பும் நிற்காது என்றே கருதுகிறேன்.

எல்லாம் புகையிலையின் வேலை என்ற மறுப்பு நிற்காது. தைவானில் புகையிலை சேர்க்காமலே பாக்கு மெல்கிறார்கள். அங்கும் வாய்ப்புற்று மிகுதி.

திருக்கோகர்ணத்தில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாற்றில் புற்றுநோய் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று அதே திருக்கோகர்ணத்தில் பாக்கு மெல்லும் ஒருவர் பல்வலிக்காக மருத்துவரிடம் வந்தால், அவர் வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று அளந்து எழுத ஓர் அளவுகோல் போதும். வேலி என்று நம்பினால் அதை அளக்கத் தோன்றாது. சல்லடை என்று அறிந்தால், ஒவ்வொரு வருகையிலும் அளக்காமல் அனுப்ப மனம் வராது.